கல்யாணச் சடையை அவிழ்ப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் திருமணச் சிறப்புப் பக்கங்களில் மணப்பெண் சடை அலங்காரம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் அத்தனையும் முதுகுப் பக்கமிருந்து எடுத்தவை, ஒரு பெண்ணின் முகம்கூட இல்லை. முகத்தையும் சேர்த்துப் போட்டிருந்தால், இழுத்துப் பின்னியதில் சிலருடைய புருவம் இருக்க வேண்டிய இடத்தை விட்டு மேலே ஏறி நிற்பதை வாசகர்களே பார்த்திருப்பார்கள், நானும் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்காது.

கல்யாணப் பெண்களுக்குத் தலை பின்னிவிடுவது என் தொழில். அந்தக் கட்டுரையில் என்னை உறுத்தியது ஒரு யோசனைதான். சடை கலையாமல் இருக்க நன்றாக இழுத்துப் பின்ன வேண்டும், முதலில் கொஞ்சம் வலிக்கும், அப்புறம் பழகிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். பழகாது. பன்னாட்டுத் தலைவலிச் சங்கம் 2018-இல் வெளியிட்ட வகைப்பாட்டில், தலைமுடியை வெளியிலிருந்து இழுப்பதால் வரும் தலைவலி என்று தனியாகவே ஒரு வகை இருக்கிறது. முன்பு அதைக் குதிரைவால் தலைவலி என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இழுப்பை விட்டால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும் என்பது அதன் அடையாளம். எவ்வளவு பலமாக, எவ்வளவு நேரம் இழுக்கிறோமோ அதைப் பொறுத்துத் தலைவலியும் நீளும் என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். காலையில் ஏற்றிய சடையை ராத்திரி வரை இறக்க முடியாத ஒரு பெண்ணிடம் போய்ப் பழகிவிடும் என்று எப்படிச் சொல்ல முடியும்? மேடையில் உட்கார்ந்திருக்கும் அவள் முகம் வாடினால் தூக்கமில்லை, பசி, பதற்றம் என்று ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள், தலையைத் தொட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

ஒரு நாள் இறுக்கிப் பின்னினால் யாருக்கும் வழுக்கை விழாது, பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் இப்போது ஒரு கல்யாணம் என்றால் ஒரு சடையோடு முடிவதில்லை. ஒத்திகைக்கு ஒன்று, முன்னால் நடக்கும் நிகழ்ச்சிக்கு ஒன்று, கல்யாணத்துக்கு, வரவேற்புக்கு, படம் எடுப்பதற்கென்று தனியாக ஒன்று என்று அதே நெற்றியோர முடியை மறுபடி மறுபடி இழுக்கிறோம். அந்த ஓரம் ஏற்கெனவே மெலிந்திருக்கும் பெண்களும் இருக்கிறார்கள், தினமும் உச்சியில் இழுத்துக் கட்டும் பழக்கத்தாலேயே மெலிந்துபோனவர்கள். இழுப்பினால் முடி உதிர்வது மருத்துவத்துக்குப் புதிய விஷயம் இல்லை, கிரீன்லாந்துப் பெண்கள் முடியை இறுக்கிக் கட்டியதால் நெற்றியோரம் முடி இழந்ததை 1907-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். ஆரம்பத்திலேயே விட்டுவிட்டால் முடி திரும்ப வளரும். வருஷக்கணக்கில் தொடர்ந்தால் மயிர்க்கால் தழும்பாகிவிடும், அதற்குப் பிறகு என்ன எண்ணெய் தேய்த்தாலும் வராது. அதனால் பெண்ணை உட்கார வைத்ததும் நான் முதலில் பார்ப்பது முடியின் நீளத்தை இல்லை, காதுக்கு மேலும் நெற்றியின் இரு ஓரங்களிலும் இருக்கும் முடியைத்தான். அங்கே சின்னச் சின்னக் கொப்புளம் இருந்தாலோ, பூனைமுடி மாதிரி சில இழைகள் மட்டும் வரிசையாக நின்று அதற்குப் பின்னால் வெறுமை தெரிந்தாலோ, கையில் எந்தப் படத்தோடு வந்திருந்தாலும் அந்தச் சடை வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு ஆளிடம் போயிருக்கிறார்கள். போகட்டும்.

சரி, இறுக்காமல் சடை எப்படி நிற்கும் என்று கேட்பீர்கள். நிற்பது இழுப்பினால் இல்லை, பிடிப்பினால். ஒரு முடி இன்னொரு முடிமேல் வழுக்காமல் உரசி நிற்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அன்று காலையில் தலைக்குக் குளித்து, கண்டிஷனர் போட்டு, அதற்கு மேல் சீரமும் தடவிக்கொண்டு பளபளவென்று வந்து உட்காருகிறார்கள். அந்த முடியைப் பிரித்துக் கையில் எடுத்தாலே நழுவும். அது நழுவுவதால் பின்னுகிறவர் இழுக்கிறார், இழுத்தும் நழுவுவதால் ஊசி குத்துகிறார், ஊசியும் நிற்கவில்லை என்று ஸ்பிரே அடிக்கிறார். முந்தின நாளே குளித்து நன்றாகக் காய வைத்துவிட்டு வந்தால் இதில் முக்கால்வாசி வேலை மிச்சம். ரொம்ப மிருதுவான முடியாக இருந்தால் வேர்ப்பக்கத்தில் கொஞ்சம் டிரை ஷாம்பு தூவிக்கொண்டால் போதும்.

ஈரத்தலையில் பின்னுவதை மட்டும் தயவுசெய்து யாருக்கும் சிபாரிசு செய்யாதீர்கள். நனைந்த முடி ரப்பர் மாதிரி நீளும், தன் நீளத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வரைகூட நீண்டு கொடுக்கும், காயும்போது திரும்பச் சுருங்கும். பின்னும்போது சுகமாக இருந்த சடை அரை நாளில் தலையைப் பிடித்து இழுப்பது அதனால்தான். ஈரத்தில் முடிக்குப் பலமும் குறைவு.

சுருட்டை முடிக்காரர்கள் முதலில் ஸ்ட்ரெயிட்னர் போட்டு நேராக்கிக்கொண்டு பின்ன வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள், இதைப் படித்தபோது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. பின்னலுக்குக் கடவுள் கொடுத்த முடி சுருட்டை முடி. வளைவும் நெளிவும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், பாதி ஊசி போதும், ரப்பர் பேண்ட்கூட இல்லாமல் நுனி நிற்கும். அதைச் சூடு வைத்து நேராக்கினால் அந்தப் பிடிப்பைத்தான் முதலில் தொலைக்கிறோம். அதுவும் ஒரு நாளைக்குக்கூட முழுசாக நிற்காது. சூட்டினால் நேராவது முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் இடம் மாறுவதால்தான், வியர்வை பட்டால் அவை அவிழ்ந்து முடி பழையபடி சுருளும், வகிட்டின் இரண்டு பக்கமும் பொசுபொசுவென்று எழும்பும். ஈரம் காயாமலே ஸ்ட்ரெயிட்னரை வைத்துவிட்டால் முடிக்குள் இருக்கும் நீர் கொதித்துக் குமிழியாகி, முடி அந்த இடத்திலேயே ஒடியும். அந்த ஒடிசல் மறுபடி வளர்ந்து வர வேண்டும், முடி மாசத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சுருட்டை முடிக்குச் செய்ய வேண்டியது இதுதான்: லேசான ஈரத்தில் கண்டிஷனரோடு அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுத்து, அப்படியே காய விட்டு, காய்ந்த பிறகு பின்னுவது.

அடுத்தது கனம். நீளமான சவுரி, அதன்மேல் நகை, நகைமேல் பூ, பூவின்மேல் வாடாமல் இருக்கத் தெளித்த தண்ணீர். இத்தனையும் எங்கே தொங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு கைப்பிடி முடியில். அந்த ஒரு கைப்பிடிதான் நாள் முழுக்கச் சுமக்கிறது, மற்ற முடியெல்லாம் வேடிக்கை பார்க்கிறது. நான் செய்வது என்னவென்றால், வெளியே தெரியாத இடத்தில் முதலில் ஒரு தட்டைப் பின்னலைத் தலையோடு ஒட்டிப் பிடரிவரை ஓட்டிவிடுவேன். இறுக்கம் தேவையில்லை, ஒழுங்காக இருந்தால் போதும். சவுரியையும் ஊசிகளையும் அந்தப் பின்னலில் கோத்துவிட்டால் கனம் நீளவாக்கில் பரவிவிடும். நகையையும் பூவையும் தோலைத் தொடும் இடத்தில் குத்தாமல் சடையின் மேலேயே நூலால் கட்டிவிடலாம். பாபி பின் என்றால் நெளிவான பக்கம் தலையைப் பார்த்து இருக்க வேண்டும், ஒன்றின் குறுக்கே இன்னொன்று போட்டால் இரண்டே பின் எட்டுப் பின்னின் வேலையைச் செய்யும்.

நூல் என்றதும் ஒரு விஷயம் ஞாபகம் வருகிறது. பழைய ரோமாபுரியில் கல்யாணப் பெண்களுக்கு ஆறு சடையாகப் பின்னும் ஒரு அலங்காரம் இருந்தது, அங்கே வெஸ்டா தெய்வத்தின் பெண் பூசாரிகளுக்கும் அதே அலங்காரம்தான். சிலைகளில் தெரியும் அந்தக் காலத்துக் கொண்டைகள் பொய்முடியாகத்தான் இருக்க வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஜேனட் ஸ்டீபன்ஸ் என்று அமெரிக்காவில் பால்டிமோரைச் சேர்ந்த சிகை அலங்காரக்காரர் ஒருவர், ஊசியும் நூலும் வைத்துச் சடைகளை ஒன்றோடொன்று தைத்தால் சொந்த முடியிலேயே அவற்றைச் செய்ய முடியும் என்று செய்து காட்டி, 2008-இல் அதை ரோமானியத் தொல்லியல் ஆய்விதழ் ஒன்றில் கட்டுரையாகவும் எழுதினார். பேராசிரியர்களுக்குப் பிடிபடாதது தலை பின்னுகிற ஒருத்தி கைக்குப் பிடிபட்டதில் எனக்குத் தனி சந்தோஷம், அதை மறைக்கப்போவதில்லை. நானும் கனமான சடைகளை இப்போது தைத்துத்தான் முடிக்கிறேன். மொட்டை ஊசி, முடி நிறத்தில் கெட்டி நூல். ஹேர்பின் குத்தும் வலி இல்லை, ஆடினாலும் அசையாது, அவிழ்க்கும்போது முடிச்சை மட்டும் வெட்டி நூலை உருவினால் போதும்.

மெல்லிய முடி இருக்கும் பெண்களுக்குச் சவுரியே இல்லாமல் தடிமன் காட்ட வழி இருக்கிறது. முடிப் பிரிகளை மேலே மேலே போட்டுப் பின்னாமல் ஒவ்வொன்றையும் அடியில் கொடுத்துப் பின்னினால் சடை தலையிலிருந்து எழும்பி நிற்கும், இதை டச்சுப் பின்னல் என்கிறார்கள். பின்னி முடித்து நுனியைக் கட்டிய பிறகு, நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கீழேயிருந்து மேலே ஒவ்வொரு மடிப்பின் ஓரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து அகலமாக்கிக்கொண்டே போனால் சடை ஒன்றரை மடங்கு பருமனாகத் தெரியும். இறுக்கிப் பின்னிய சடையில் இதைச் செய்யவே முடியாது. ரெண்டு பக்கமும் மெல்லிய இழை எடுத்து மாற்றி மாற்றிப் போடும் மீன்முள் பின்னலும் மெல்லிய முடிக்கு நன்றாக வரும், ஆனால் நேரம் பிடிக்கும், அவசரத்தில் ஆரம்பிக்க வேண்டாம். கடுமையான காய்ச்சல் வந்து ரெண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும் சமயத்தில் கல்யாணம் வந்துவிட்டால் பசை வைத்து ஒட்டும் பொய்முடி பக்கமே போகாதீர்கள். குட்டை முடிக்காரப் பெண்ணுக்குக் கட்டாயம் நீளச் சடைதான் வேண்டும் என்று யார் சொன்னது என்று எனக்கு இதுவரை தெரியவில்லை, காதோரம் ரெண்டு சின்னப் பின்னல் போட்டுப் பின்னால் சேர்த்தாலே அழகாக இருக்கும்.

பின்னி முடித்ததும் பெண்ணைக் கண்ணாடி பார்க்கச் சொல்வதற்கு முன்னால் தலையை ஆட்டச் சொல்ல வேண்டும். புருவத்தைத் தூக்கு, வாய்விட்டுச் சிரி, முகவாய் நெஞ்சில் படுகிற மாதிரி குனி, நாற்காலியில் தலையைச் சாய். கல்யாணத்தன்று ஒரு பெண் எத்தனை தரம் குனிந்து நிமிர வேண்டியிருக்கிறது! தலையைப் பின்னுக்குச் சாய்த்து வைத்துக்கொண்டு பின்னிய சடை, குனிந்தால் பிடரியில் சுள்ளென்று இழுக்கும். அதனால் பிடரிப் பகுதிக்கு வரும்போது கொஞ்சம் குனிந்த தலையில் பின்ன வேண்டும். எங்கேயாவது இழுக்கிறது என்று பெண் சொன்னால், அது ஒரே ஒரு முடியாக இருந்தாலும், வால் சீப்பின் கூர்முனையை அங்கே விட்டு மெதுவாகத் தளர்த்திவிட்டால் போச்சு. அதைச் செய்யாமல் கொஞ்சம் பொறுத்துக்கோம்மா என்று சொல்வதுதான் எங்கள் தொழிலில் இருக்கும் கெட்ட பழக்கம்.

ஸ்பிரே பற்றி ஒரு வரி. அதில் பெரும்பாலும் ஆல்கஹால்தான், அடித்த ஈரம் காயும்வரை தீப்பிடிக்கும். விளக்கோ மெழுகுவத்தியோ எரியும் அறையில் அடிக்கக் கூடாது, அடித்த உடனே அவற்றின் பக்கத்தில் போகவும் கூடாது.

இப்போது நான் முக்கியமாகக் கேட்க வந்த விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு பெரிய கட்டுரையில் சடையை எப்படி அவிழ்ப்பது என்று ஒரு வார்த்தை இல்லை. உங்களை மட்டும் சொல்லவில்லை, பின்னுகிறவர்களும் சொல்வதில்லை. காலையில் நாலு பேர் சூழ நின்று பின்னிய சடையை ராத்திரி அந்தப் பெண் தனியாக, தூக்கக் கலக்கத்தில், புது வீட்டில், யாரை உதவிக்குக் கூப்பிடுவது என்று தெரியாமல், கண்ணுக்குத் தெரியாத பின்னை விரலால் தேடிப் பிடுங்குகிறாள். முடி போவது அப்போதுதான். பிடுங்கிய பின்னோடு முடியும் வரும், ஸ்பிரே பட்டுக் கெட்டியான இடத்தில் சீப்பை விட்டால் பாதி ஒடிந்து வரும். பின்னிவிடுகிறவர்களோடு பேசி முடிக்கும்போதே, அவிழ்க்க வருவீர்களா, வர முடியாதென்றால் கூட இருக்கும் ஒருத்திக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவீர்களா என்று கேட்டுவிட வேண்டும். ரெண்டுக்கும் இல்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

அவிழ்ப்பது கஷ்டமான வேலை ஒன்றும் இல்லை, பொறுமை வேண்டும், கூட இன்னொரு ஜோடிக் கை வேண்டும். முதலில் நகையும் பூவும். அப்புறம் பின், ஒவ்வொன்றாக, எந்தத் திசையில் போனதோ அதே திசையில் திரும்ப உருவ வேண்டும், மேல்நோக்கிப் பிடுங்கக் கூடாது. எத்தனை பின் குத்தினோம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால் கடைசிப் பின் தலையணையில் படுத்த பிறகு அகப்படாது. குட்டி ரப்பர் பேண்டுகளை உருவாதீர்கள், சின்னக் கத்தரியால் ரப்பரை மட்டும் வெட்டிவிடுங்கள். ஸ்பிரே பட்ட இடம் மொடமொடவென்று இருந்தால் கைநிறையக் கண்டிஷனரோ எண்ணெயோ தடவிக் கொஞ்ச நேரம் ஊற விட வேண்டும், அது இளகும்வரை சீப்பை எடுக்கவே கூடாது. பின்னலை நுனியிலிருந்து மேலே விரலால் பிரித்துக்கொண்டு போய், எல்லாம் பிரிந்த பிறகுதான் அகலப் பல் சீப்பு, அதுவும் நுனியிலிருந்துதான். முடிந்ததும் விரல் நுனியால் மண்டையை மெல்லத் தேய்த்துவிடுங்கள், நாள் முழுக்க ஒரே பக்கம் படிந்து கிடந்த முடியைத் திருப்பும்போது வேர் வலிக்கும், அது சீக்கிரம் சரியாகிவிடும். களைப்பாக இருந்தால் தலைக்குளியல் மறுநாள் வைத்துக்கொள்ளலாம், பின்னும் பேண்டும் மட்டும் ராத்திரியே வெளியே வந்துவிட வேண்டும்.

அவிழ்த்ததும் கையோடு ஒரு கொத்து முடி வரும், அதைப் பார்த்துப் பல பெண்கள் அழுதுவிடுகிறார்கள். ஒரு தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது, தினமும் 50 முதல் 100 வரை தானாகவே உதிரும். சாதாரண நாளில் அது தரையிலும் சீப்பிலும் போய்விடும், சடைக்குள் இருந்தால் விழ வழியில்லாமல் உள்ளேயே கிடந்து மொத்தமாக வெளியே வருகிறது. சந்தேகமாக இருந்தால் ஒரு முடியை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் கடுகைவிடச் சின்னதாக வெள்ளை முண்டு இருந்தால் அது போக வேண்டிய முடிதான், விடுங்கள். முண்டு இல்லாமல் குட்டை குட்டையாக வந்தால் அது ஒடிந்த முடி. அது நிறைய இருந்தால் அடுத்த நிகழ்ச்சிக்குச் சடை வேண்டாம், விரித்துவிட்டு ஒரு கிளிப் போட்டுக்கொண்டு போங்கள்.

அடுத்த முறை சடைப் படங்கள் போடும்போது அவிழ்க்கும் முறையையும் அதே பக்கத்தில் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் பின்னிவிடும் பெண்களின் கூட வருகிறவர்களிடம் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், அதன் நகல் ஒன்றை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் அப்படியே போட்டுக்கொள்ளலாம், பெயர் போட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
கல்யாணங்களுக்குத் தலை பின்னும் ஒரு வாசகி